சக்கரத்தில் உட்கார்ந்த மண்டிக்காரன்

சங்கரன்கோவில் வத்தல் வியாபாரத்தில் என்னைத் தோற்கடித்தவன் ஒருவன்கூடக் கிடையாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான் சொல்லுகிறேன். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?) மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மிளகாய் வத்தல் மண்டியில் மூட்டை தூக்கினேன். அதே மண்டியில் எடை பிடித்தேன். கடைசியில் அதே மண்டிக்கு முதலாளி ஆனேன். அப்பேர்ப்பட்டவனை ஒரே ஒரு தடவை கீழே தள்ளியவை என் சொந்தக் கால்கள்தான். தள்ளினதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஊர் பூராவும் கூடியிருந்த ஆடித்தபசு நாளில், உட்காரக் கூடாத இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டன.

வெள்ளைக்காரன் போன சமயம். எனக்கு நாற்பது வயசு இருக்கும். முதலாளி ஆன அன்றைக்குக் கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்தவன், அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். சரக்கு என் முன்னால் வந்து நிற்கும். கையை விட்டு அள்ளி மோந்து பார்த்து, இது ராயகிரி வத்தல், இது இளையரசனேந்தல் கரிசல் வத்தல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். காப்பி வரும். வெற்றிலைச் செல்லம் வரும். வீடு அடுத்த தெருவில்தான். அதற்கு ஒரு வில்வண்டி. மாடு நடந்து நடந்து இளைத்தது. எனக்கு வயிறு வைத்தது. இடுப்பில் வேட்டி நிற்காமல் அகலமாக ஒரு பச்சை பெல்ட் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் சரக்கு பார்க்க மண்டி மச்சுக்கு ஏறினேன். பாதிப் படியில் மூச்சு முட்டிப்போய் உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து மூட்டை தூக்குகிற சுடலை பார்த்தான். "அண்ணாச்சி, தூக்கிக்கிட்டுப் போகட்டுமா?" என்றான். கேலி இல்லை. மரியாதையாகத்தான் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே டாக்டரிடம் போனேன். பட்டணத்தில் படித்துவிட்டுப் புதுசாக வந்திருந்த சின்ன வயசுக்காரர். குழாயை வைத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"நெஞ்சுல ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. உடம்பு நடக்க மறந்துபோச்சு, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில மண்டியிலேருந்து கோயில் வாசல் வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள் அதையே செய்யுங்க. உடம்பு ஒத்துக்கிட்டா இன்னும் கொஞ்சம் கூட்டுங்க. நடக்கும்போது பக்கத்து ஆள்கிட்டப் பேச முடியணும். பேச்சு முட்டுச்சுன்னா வேகத்தைக் குறைங்க. நெஞ்சு அடைச்சாலோ தலை சுத்துனாலோ அங்கனயே உக்காந்துருங்க."

"டாக்டரே, நான் யாருன்னு விசாரிச்சீங்களா? இதே தெருவுல முதுகுல மூட்டையோட ஓடுனவன்."

"எப்போ?"

"அது ஆச்சு, பத்துப் பதினஞ்சு வருஷம்."

"அந்த உடம்பு போயிருச்சு அண்ணாச்சி. இப்போ இருக்கிறது வேற உடம்பு. இதை முதல்லேருந்து பழக்கணும்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. மருந்து கொடுக்காமல் நடக்கச் சொல்லி அனுப்புகிறவர் என்ன டாக்டர்? உடம்பு என்பது ஊறுகாய் மாதிரி, நன்றாகப் போட்டு ஜாடியை மூடி வைத்துவிட்டால் எப்போது திறந்தாலும் அப்படியே இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். என் ஜாடியைத் திறந்து பார்த்து, பூசணம் பிடித்திருக்கிறது என்று ஒரு பையன் சொன்னால் எப்படி இருக்கும்? கோயில் வாசல் வரைக்கும் ஒரு நாள்கூட நான் போகவில்லை.

இதற்கிடையில்தான் என் மகள் வடிவுக்குச் சிவகிரியிலிருந்து சம்பந்தம் வந்தது. எனக்கு ஒரே மகள். மலையடிவாரத்தில் வயலும் தென்னந்தோப்புமாக இருந்த குடும்பம் அது. பையன் வாத்தியார் வேலை பார்த்தான். கண்ணாடி போட்டிருப்பான், அதிர்ந்து பேச மாட்டான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு வடிவு கதவு இடுக்கு வழியாக அவனைப் பார்த்துவிட்டு, அவள் அம்மா கேட்பதற்கு முன்னாலேயே "சரி" என்றாள். என் மகள் வாயிலிருந்து தானாக அப்படி ஒரு 'சரி' வந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அந்தச் சம்பந்தம் பிடிக்காத ஆள் ஒருத்தர் இருந்தார். என் வீட்டுக்காரி கோமதியின் அண்ணன் இசக்கி மச்சான். தன் மகன் சண்முகத்துக்கு வடிவு முறைப்பெண் என்று அவர் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சண்முகம் நல்ல பையன்தான். ஆனால் உட்கார்ந்தால் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கையைத் தூக்க மாட்டான். "உக்காந்த இடத்தைத் தேய்க்கிற பயலுக்கு என் மகளைக் குடுக்க மாட்டேன் மச்சான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். (கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன்.)

ஆடி பிறந்ததும் தரகர் வந்து தலையைச் சொறிந்தார்.

"சிவகிரிக்காரர் ஒரு வார்த்தை கேட்டாரு. பொண்ணோட அப்பாவுக்கு இழுப்பு நோவு இருக்காமே, படி ஏற முடியலையாமே. பரம்பரையா வார வியாதியா இருக்குமோன்னு யோசிக்காரு."

"யாரு வே சொன்னா?"

"ஊருதான் சொல்லுது அண்ணாச்சி."

"ஊருக்கு ஏதுவே வாய்? யாரு வாய்னு சொல்லும்."

அவர் கண் இசக்கி மச்சான் வீட்டுப் பக்கம் ஒரு தடவை போய்விட்டு வந்தது. தபசு அன்றைக்குக் குடும்பத்தோடு அம்மனைப் பார்க்க வருகிறார்களாம். என்னையும் நேரில் பார்த்துவிட்டு, மனசுக்குப் பிடித்திருந்தால் அன்று சாயங்காலமே என் வீட்டில் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லுகிறேன். ஆடித்தபசுக்குக் கொடி ஏறினதும் எங்கள் ஊர் ஜனங்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். ஒற்றைக் காலில் தபசு நிற்கிற கோமதி அம்மனின் கால் வலியில் நாமும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்கிறோம் என்பது ஐதீகம். ஆடிச்சுற்று என்று பெயர். நூற்றியொரு சுற்று நேர்ந்துகொள்வார்கள். தினம் கொஞ்சமாகச் சுற்றி, தபசுக்குள் முடிப்பார்கள். நான் அதை ஒரே நாளில், தபசு அன்றைக்கே, சிவகிரிக்காரர் கண் முன்னால் முடித்துக் காட்டினால் இழுப்பு என்று சொன்ன வாய்கள் எல்லாம் மூடிக்கொள்ளும் அல்லவா?

கொடி ஏறின அன்றைக்கே என் வீட்டுக்காரி கோமதி கூப்பிட்டாள். "என்கூட வாங்க. இன்னைக்குக் கொஞ்சம் சுத்துவோம், நாளைக்குக் கொஞ்சம். தபசுக்குள்ள முடிஞ்சிரும்."

"அது பொம்பளையள் சுத்துற சுத்து. நான் ஒரே மூச்சுல முடிப்பேன்."

"அந்த மூச்சுதானே உங்களுக்கு இல்ல. டாக்டர் என்ன சொன்னாரு?"

"கோயில் வாசல் வரைக்கும் போகச் சொன்னாரு. நான் வாசலைத் தாண்டி உள்ளயும் போறேன். கேட்டா அவருக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும்."

தினமும் அவள் பாட்டுக்குப் போய் மெதுவாகச் சுற்றிவிட்டு வந்து உலை வைத்தாள். நான் மண்டியில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் "தபசு அன்னைக்குக் கோயிலுக்கு வாங்க வே, நான் சுத்துறதைப் பாக்கலாம்" என்று அழைப்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

தபசு அன்று விடியக்காலையில் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிளம்பினேன். விரதமாம். ஆரம்பத்தில் நான் நடக்கவில்லை, ஓடினேன். பெண்களை முந்தினேன். காவடி எடுத்து வந்தவரை முந்தினேன். ஊன்றுகோலோடு போன கிழவர் ஒருவரை முந்திவிட்டு, முந்தியதை அவர் கவனித்தாரா என்று திரும்பியும் பார்த்தேன். கோமதியைக் கடக்கும்போது, "மெதுவாப் போங்க" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பேச்சு முட்டினால் வேகத்தைக் குறைக்கணும் என்று டாக்டர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. பேச்சுதானே முட்டுகிறது, பேசாமல் ஓடினால் போயிற்று என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

வெயில் ஏறியது. கல்தளம் தோசைக்கல் மாதிரி ஆனது. நேர்ந்ததில் பாதியைக்கூட நான் எட்டவில்லை. மண்டபத்து நிழலில் இசக்கி மச்சான் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூணில் சாய்ந்து சண்முகம் முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

"மாப்ளே, முகம் வத்தல் கணக்காச் சிவந்துபோச்சு. செத்த உக்காருங்க."

இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருப்பேன். என் தலை சுற்றியது உண்மை. ஆனால் சொன்னது மச்சான். அவர் முன்னால் உட்கார்ந்தால், சண்முகத்தைப் பற்றி நான் பேசினது எல்லாம் என்ன ஆவது? நின்றேன். அவர் ஒரு கோலிசோடாவை உடைத்து நீட்டினார். சோடா குடித்தால் விரதம் கெடாது என்று அம்மனிடம் மனசுக்குள்ளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி ஓடினேன்.

பத்தடி போயிருப்பேன். வலது கெண்டைக்காலில் கொரக்களி பிடித்து இழுத்தது. வலி பொறுக்காமல் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். அன்றைக்கு ஒற்றைக் காலில் நிற்க வேண்டியது அம்மன். என்னைப் பார்த்து ஒரு கிராமத்து அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த நிமிஷம் இன்னொரு காலிலும் இழுத்தது. முழங்கால் ஒரு பக்கம் திருகிக்கொள்ள, அடுக்கின மூட்டை சரிகிற மாதிரி சரிந்தேன். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. உள்ளே போன சோடா வாய் வழியாக நுரை நுரையாக வெளியே வருகிறது.

"சாமி வந்திருக்கு போல."

"சாமி வந்தா நுரை தள்ளுமா? இது வேற."

அப்போது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல், "பாத்துக்கிட்டே நிக்கீங்களே, சக்கரத்துக்குத் தூக்குங்கய்யா" என்றது. இசக்கி மச்சான் குரல். பதற்றத்தில் சொன்னாரா, வேறு நினைப்பில் சொன்னாரா என்று நான் அவரிடம் கடைசி வரைக்கும் கேட்கவில்லை. அவரும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சக்கரம் என்பது அம்மன் சந்நிதி முன்னால் தரையில் இருக்கிற சின்னக் குழி. உள்ளே சக்கரம் பதித்திருக்கிறது. புத்தி பேதலித்தவர்களையும் பேய் பிடித்தவர்களையும் அதில் உட்கார வைத்தால் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என்னைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவன் சுடலை. வத்தல் மூட்டையைத் தூக்குகிற மாதிரியேதான் தூக்கினான், இறக்கும்போதும் அப்படியேதான் இறக்கினான். நெற்றியில் கோயில் பிரசாதமான புற்றுமண்ணை அப்பினார்கள். நாக்கிலும் கொஞ்சம் வைத்தார்கள். பேயோடு பேசிப் பழக்கப்பட்ட ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"யாரு நீ?"

அவர் பேயைக் கேட்கிறார். எனக்கு அது விளங்கவில்லை. மூச்சு இப்போதுதான் கொஞ்சம் திரும்பியிருந்தது. யாரென்று என்னையா ஒருத்தன் கேட்பது?

"நான் யாருன்னா கேக்கே? மூட்டை தூக்குனவன்லே."

கூட்டத்தில் 'ஆ' என்று ஒரு சத்தம்.

"எங்கேருந்து வந்தே?"

"வத்தல் மண்டியிலேருந்து வாரேன். ஒத்த ஆளா நின்னு மச்சு பூராவும் மூட்டை அடுக்குனவன். என்னை அசைக்க இந்த ஊருல ஆளு கிடையாது."

"ஆமா, ஆமா" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "அந்த மண்டி மச்சுலேருந்து விழுந்து முந்தி ஒருத்தன் செத்தாம்லா? அவன்தான்."

"இந்த உடம்பை விட்டு எப்போ போவே?" என்று பெரியவர் அதட்டினார்.

"சுத்து முடியாமப் போக மாட்டேன்."

"பிடிவாதக்காரனா இருக்கான். உனக்கு என்னதான் வேணும்?"

"ஒரு சோடா."

இந்த நேரத்தில்தான் ஆட்களின் கால்களுக்கு நடுவே சரிகைக் கரை போட்ட இரண்டு புது வேட்டிகளைப் பார்த்தேன். நிமிர்ந்தால் சிவகிரிக்காரர். பக்கத்தில் பையன். கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து இறங்கி நேரே சந்நிதிக்கு வந்தவர்கள், அம்மனுக்குக் குறுக்கே நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் கோமதி. கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டுச்சேலையில் வடிவு.

எனக்கு ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு எழுந்திருக்க வேண்டும். எழுந்தேன். காலில் மறுபடி கொரக்களி. அப்படியே தாவிப்போய்ச் சிவகிரிக்காரரின் தோளில் கிடந்த நேரியலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "சம்பந்தி, நல்லா இருக்கேன்" என்றேன். வாயிலிருந்து புற்றுமண் உதிர்ந்தது. அவர் நேரியலை என் கையிலேயே விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். பிறகு பயபக்தியோடு கும்பிட்டார். அவர் கும்பிட்டது என்னை இல்லை, எனக்குள்ளே இருந்த மூட்டைக்காரனை. முதலாளி ஆன பிறகு எனக்கு எத்தனையோ கும்பிடு விழுந்திருக்கிறது. அவ்வளவு மனசார விழுந்த கும்பிடு அது ஒன்றுதான்.

பையன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அங்கிருந்து போகிற வரைக்கும் அதைத் திரும்ப மாட்டவில்லை.

டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சவ்வு கிழிஞ்சிருக்கும் போலிருக்கு. நான் சொன்னது கோயில் வாசல் வரைக்கும் அண்ணாச்சி" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. நான் கேட்காமலேயே சிவகிரிக்குப் பஸ் ஏறிப் போய், வெறும் கொரக்களிதான், பேயும் இல்லை இழுப்பும் இல்லை என்று சொல்லிவிட்டும் வந்தார். அவர்கள் மோர் கொடுத்து மரியாதை பண்ணியிருக்கிறார்கள். "நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுறது நெசமாத்தான் இருக்கும். ஆனா எங்களுக்கு இப்போ காது கேக்கிறது ஒண்ணு, அன்னைக்குக் கண்ணு பாத்தது ஒண்ணுன்னு ஆகிப்போச்சு. தை மாசம் பாப்போம்" என்றார்களாம். தை வந்தது. அவர்கள் வரவில்லை. வேறு யாரும்கூட வரவில்லை. மூட்டைக்காரன் ஆவி குடியிருக்கிற வீட்டில் பெண் எடுக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

இசக்கி மச்சான் மட்டும் வந்தார். நான் காலை நீட்டிக் கட்டிலில் கிடக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம பிள்ளைய நாம விட்டுருவோமா மாப்ளே?" என்றார்.

வடிவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். 'சரி' என்று சொல்லுவாளோ என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போய் மாவு ஆட்ட ஆரம்பித்துவிட்டாள்.

சண்முகம் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். வந்த அன்றைக்கே கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்தான். அதற்காக நான் எழுந்திருக்க வேண்டியதாயிற்று. இத்தனை வருஷத்தில் அவன் உட்கார்ந்தபடியே இருக்க, சரக்கு பார்க்கிறதும், எடை பார்க்கிறதும், மச்சுக்கு ஏறி இறங்குகிறதும் வடிவுதான். ஒரு நாள் அவனைக் குறை சொல்ல வாயெடுத்தேன். "உங்களுக்கு ஏத்த மாப்பிள்ளைதானேப்பா" என்றாள். கையில் முறத்தோடு, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

கால் ஓரளவு ஊன்ற ஆரம்பித்ததும் டாக்டர் சொன்னதையே செய்தேன். கம்பை ஊன்றிக்கொண்டு கோயில் வாசல் வரைக்கும். பிறகு ஒரு மாசம் கழித்துத் தெப்பக்குளம் வரைக்கும். பேச்சு முட்டினால் நின்றேன். மூச்சு சரியாயிற்று, வயிறு இறங்கிற்று, பச்சை பெல்ட்டைச் சுடலைக்குக் கொடுத்துவிட்டேன். முழங்கால் மட்டும் இன்றைக்கும் முழுசாக மடங்காது. அந்தச் சின்னப் பையன் சொன்னதுதான் சரி என்று எழுத எனக்கு இப்போதும் கசக்கிறது. ஆனால் எழுபது தாண்டியும் நடக்கிறேன். எனக்குப் பின்னால் பிறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்று இல்லை.

சண்முகத்துக்கும் வயிறு வைத்தது. மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தான். "காலையில என்கூடக் கோயில் வாசல் வரைக்கும் வாங்க மாப்பிள்ளை" என்று கூப்பிட்டேன்.

"வேண்டாம் மாமா" என்றான், முறுக்கை மென்றுகொண்டே. "இந்தக் குடும்பத்துல நடந்து கெட்டவரு ஒருத்தரு போதும்."

வீடே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எவனை எந்த வேலைக்கு எழுப்பினாலும் இதுதான் பதில். பேரப்பிள்ளைகள் இதைக் கேட்டே வளர்ந்தன. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சொன்னால் ஒருத்தன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நான் யாருன்னா கேக்கே? மூட்டை தூக்குனவன்லே" என்பான். இன்னொருத்தன் "ஒரு சோடா" என்பான்.

விருந்தாளி யாராவது வந்துவிட்டால் வடிவைத்தான் சொல்லச் சொல்லுவார்கள். அவளைப் போல இந்தக் கதையை யாராலும் சொல்ல முடியாது. நான் ஓடினது, ஒற்றைக் காலில் நின்றது, பேய்க் குரல், பெரியவர் அதட்டல், நேரியலில் தொங்கினது என்று எல்லாம் அப்படியே நடித்துக் காட்டுவாள். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். நானும் உட்கார்ந்து கேட்பேன். ஒன்றுகூட விடாமல் சொல்லுவாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்ற பையன் மட்டும் அவள் கதையில் இதுவரைக்கும் வந்தது கிடையாது.